மஞ்சள் மச்சம்

பியல் நகரத் தொழிற்சாலையில் என் வேலை
அரை மில்லிமீற்றர்ச் சக்கரங்களின்
பல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது.
வலக்கண்ணில் லூப்பைச் செருகினால்
எட்டு மணித்தியாலம்
உலகம் அவ்வளவுதான்.

ஆகவே ஜோயல் குரோழான்
பன்னிரண்டு சிவப்பு இறால்களைப்
பிளாஸ்ரிக் பையில் கட்டித் தந்து
"ஆறு ஆண், ஆறு பெண், மதாம்" என்றபோது
நான் நம்பியிருக்கக் கூடாது.
பையைத் தூக்கி ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்து
ஒரு தடவை ஆட்டினான்.
அதுதான் பரிசோதனை.

முப்பது லீற்றர்த் தொட்டி, சமையலறை யன்னலோரம்.
வடிகட்டியின் வாய்க்குப் பஞ்சுத் தொப்பி,
குஞ்சு வந்தால் உள்ளே இழுபடாதிருக்க.
நவம்பர் போனது. டிசம்பர் போனது.
தொப்பி சும்மா கிடந்தது.

தொலைபேசியில் பவளராணி:
"எத்தனை சேர்ந்தால் ஒரு குழம்புக்குக் காணும்?"
அன்ரன் தன் பங்குக்கு:
"வெள்ளிக்கிழமையில் தொட்டியைத் துணியால் மூடு,
வீட்டில் மச்சம் இருக்கிறது."

தை மாத ஞாயிறு ஒன்றில்
லூப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
விதிப்படி பிழை. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது.
கண்ணாடியில் நெற்றி முட்ட
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.

ஆண் என்றால் மெலிவு,
வயிற்றுக்கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல்.
பெண் என்றால் வயிறு வளைந்து தாழும்,
பக்கத் தட்டுகள் அகன்று
வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டிருக்கும்.
தலைக்குப் பின்னே, முதுகில்,
ஒரு மஞ்சள் தேமல்: இன்னும் இறங்காத முட்டைகள்.
பிரெஞ்சுக்காரருக்கு இது சேணம்,
ஜெர்மன்காரருக்கு முட்டைப்பொட்டு.
இந்த ஊரில் எதற்கும் இரண்டு பெயர்.
நான் மூன்றாவதை வைத்தேன்:
மஞ்சள் மச்சம்.

பன்னிரண்டிலும் மச்சம்.
பன்னிரண்டும் பெண்கள்.

ஜோயலிடம் போய்ச் சொன்னேன். சிரித்தான்.
லூப்பைக் கொடுத்தேன்.
பிறகு சிரிக்கவில்லை.
அவன் தொட்டியிலிருந்து நானே தேர்ந்தேன்:
மெலிந்த, வெளிறிய, ஒரு நொடி நிற்காத இரண்டு,
கடையில் எவரும் கேட்காத நிறம்.
தயிர்ப் போத்தலில் விட்டு
கோட்டுக்குள், மார்போடு அணைத்து
பனிக்குள்ளால் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் போத்தலைப் பார்த்து
"மருந்தா?" என்றார்.
"மாப்பிள்ளைமார்" என்றேன், தமிழில்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் காலை தரையில் ஒரு உடல்,
கால், மீசை, கண்மூடி எல்லாம் முழுதாய்.
செத்துப்போச்சு என்று கரண்டியால் எடுத்தேன்.
பாரம் இல்லை. உள்ளே ஆளில்லை.
உரித்துப் போட்டவள் பாசிக்குக் கீழே
புதுத்தோலில் மெத்தென்று ஒளிந்திருந்தாள்.
மேலே அந்த இரண்டு பேரும்
தண்ணீரில் என்னத்தை மணந்தார்களோ,
சுவருக்குச் சுவர், தலைகீழாய்,
விசர் பிடித்ததுபோல் சுற்றினார்கள்.
எட்டரை பஸ் எனக்கில்லாமல் போனது.

மாலையில் அவள் முதுகில் மச்சம் இல்லை.
வயிற்றுக்குக் கீழே இருபத்தேழு மணிகள்,
நீந்துகால்கள் ஓயாமல் விசிறின.
எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.
நாலாம் வாரம் மஞ்சள் மங்கிச் சாம்பலாகி
ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி
என்னைப் பார்க்கத் தொடங்கின.

பொரித்த நேரம் நான் தொழிற்சாலையில்.
வந்து பார்த்தால் பஞ்சுத் தொப்பியின்மேல்
வெட்டிப்போட்ட இமைமயிர்போல் பத்தொன்பது,
பிறந்த அன்றே மேய்கின்றன.
மூன்றாம் வாரம் நிறம் ஏறியது:
பதினைந்து சிவப்பு, நாலு தேநீர்.
"மண்ணிறத்தை எடுத்துவிடுங்கள், மதாம்,
கூட்டமே கெட்டுவிடும்," என்றிருந்தான் ஜோயல்.
பகலெல்லாம் பழுதைப் பொறுக்கிச்
சிவப்புப் பெட்டியில் போடுகிறவள் நான்.
வலையைக் கழுவிக் கொழுவியில் மாட்டினேன்.

பவளராணிக்கு எடுத்துச் சொன்னேன்: பத்தொன்பது.
"குழம்புக்குக் காணாது," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆம்பிளையளோ, பொம்பிளையளோ?"

அதுகளுக்கே இன்னும் தெரியாது, என்றேன்.